வீட்டு ரவுட்டரில் நெட்வேர்க் பூட், கோப்புப் பரிமாற்றம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே பென் டிரைவை மாற்றி மாற்றிச் செருகிப் பத்துக் கணினிக்கு லினக்ஸ் ஏற்றுகிறவர்களுக்காக எழுதியது இது. டியூட்டரியோ, ஊர் நூலகமோ, வீட்டில் கிடக்கும் இரண்டு பழைய டெஸ்க்டொப்போ, செய்முறை ஒன்றுதான். கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். நம் ரவுட்டரின் முகவரி 192.168.10.1 என்று வைத்துக்கொள்கிறோம். ஏன் வழக்கமான 192.168.1.1 இல்லை என்பது இரண்டாம் கேள்வியில் தெரியும்.

நெட்வேர்க் பூட் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

பென் டிரைவ் இல்லாமல், கேபிள் வழியாகவே கணினியை எழுப்புவதுதான் நெட்வேர்க் பூட். அதில் மூன்று கைமாற்றம். கணினியின் நெட்வேர்க் கார்ட்டுக்குள் பிஎக்ஸ்இ என்ற சிறு நிரல் இருக்கிறது. கணினி எழும்பியதும் அது "எனக்கு ஒரு முகவரி வேண்டும், நான் பிஎக்ஸ்இ கிளையன்ட்" என்று லைனில் கூவும். இதுதான் டிஹெச்சிபி என்ற முகவரி வழங்கும் முறை, யூடிபி 67, 68 போர்ட்டுகளில் நடக்கும். பதில் சொல்லும் சேர்வர் முகவரியோடு இன்னும் இரண்டு செய்தி தரவேண்டும்: எந்த சேர்வரிடம் போவது, எந்தக் கோப்பைக் கேட்பது. ஒப்ஷன் 66, ஒப்ஷன் 67 என்று ரவுட்டர்ப் பக்கங்களில் காண்பது இவற்றைத்தான். பிறகு கணினி யூடிபி 69 வழியாக டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் அந்தக் கோப்பை வாங்கி, ராமில் வைத்து ஓடவிடும்.

முகவரி, பெயர், கோப்பு. எந்தக் கோளாறு வந்தாலும் இந்த மூன்றில் எது தவறியது என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் ரவுட்டரை ரீசெட் பண்ணுவதால் ஒரு நாள் போகுமே தவிர வேலை நடக்காது.

இணைய நிறுவனம் தந்த ரவுட்டரிலேயே செய்யலாமா?

பெரும்பாலும் முடியாது. ஃபைபர் பெட்டியானாலும் 4ஜி பெட்டியானாலும், நிறுவனங்கள் தருபவற்றில் முகவரி வீச்சும் டிஎன்எஸ்ஸும்தான் மாற்ற விடுவார்கள். ஒப்ஷன் 66, 67 எழுத இடம் இருக்காது. டிஎஃப்டிபி சேர்வரும் இருக்காது.

வழி இரண்டு. ஒன்று, ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டருக்கான லினக்ஸ் ஏற்றிய சொந்த ரவுட்டர் ஒன்றை நிறுவனப் பெட்டியின் பின்னால் போடுவது. நிறுவனப் பெட்டியின் லான் போர்ட்டிலிருந்து நம் ரவுட்டரின் வான் (இணையம் உள்ளே வரும்) போர்ட்டுக்குக் கேபிள் கொடுத்து, கணினிகளையெல்லாம் நம் ரவுட்டரின் லான் பக்கம் கட்டுங்கள். இரண்டு பெட்டியும் 192.168.1 என்ற ஒரே வீச்சில் இருந்தால் போக்குவரத்து குழம்பி இணையம் நின்றுவிடும். அதனால்தான் நம்முடையதை முதல் வேலையாக 192.168.10.1 ஆக்குகிறோம். இரண்டாவது வழி, ரவுட்டரைத் தொடாமல் ப்ரொக்ஸி வைப்பது. அது கீழே வருகிறது.

எப்படிப்பட்ட ரவுட்டர், வேறு என்ன சாமான் வேண்டும்?

ஓபன்டபிள்யூஆர்டியின் வன்பொருள் பட்டியலில் உங்கள் மொடலும் அதன் பதிப்பெண்ணும் இருக்கவேண்டும். பெட்டியின் அடியில் "வி2", "வி5" என்று ஒட்டியிருக்கும். ஒரே பெயரில் வி2 உள்ளே ஒன்று, வி5 உள்ளே வேறொன்றாக இருக்கும். தவறான பதிப்பின் ஃபேர்ம்வெயார் (பெட்டியின் உள்நிரல்) ஏற்றினால் பெட்டி எழும்பாது. யூஎஸ்பி போர்ட், 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் இருந்தால் நிம்மதி. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் உள்ள பழைய பெட்டிகளை இதற்காகக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

8 அல்லது 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதை எக்ஸ்ட்4 ஆக ஃபோமட் செய்யவேண்டும், ஃபேட்32 வேண்டாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் நெட்பூட் பொதியை விரித்தால் பைஎக்ஸ்லினக்ஸ்.0 என்ற பூட் கோப்பு உண்மைக் கோப்பாக இராது, வேறோர் இடத்தைக் காட்டும் இணைப்பாகவே இருக்கும். ஃபேட்32இல் அப்படி இணைப்பு வைக்க முடியாது. விரித்தபோது வந்த பிழைச் செய்தியை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். பிறகு "கோப்பு இல்லை" என்று கணினி அடம்பிடிக்கும்.

யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஅம்பியர்தான் தரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது அதைவிடக் கூட இழுக்கும். ரவுட்டரின் லைட் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தால் காரணம் அதுதான். தனிக் கரண்ட் உள்ள ஹப் போடுங்கள், அல்லது பென் டிரைவோடு நில்லுங்கள்.

படிப்படியாக எப்படி அமைப்பது?

முதலில் கேஎம்ஓடி-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், கேஎம்ஓடி-எஃப்எஸ்-எக்ஸ்ட்4, பிளொக்-மவுன்ட் ஆகிய மூன்று பொதிகளையும் நிறுவுங்கள். நிறுவும் கட்டளை பழைய வெளியீடுகளில் ஓபிகேஜி, புதியவற்றில் ஏபிகே. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், "சிஸ்டம்" பட்டியலில் "மவுன்ட் பொயின்ட்ஸ்" போய் பென் டிரைவை /எம்என்டி/யூஎஸ்பி என்ற இடத்தில் ஏற்றி, அதற்குள் டிஎஃப்டிபி என்றொரு கோப்புறை உண்டாக்கி, பூட் கோப்புகளை அதில் வையுங்கள். கோப்புறைக்கு 755, கோப்புகளுக்கு 644 அனுமதி கொடுங்கள். டிஎஃப்டிபிக்குப் பாஸ்வேர்ட் என்று ஒன்றே கிடையாது, எல்லாரும் வாசிக்கக்கூடிய கோப்பைத்தான் அது தரும்.

அடுத்து "நெட்வேர்க்", அதற்குள் "டிஹெச்சிபி அன்ட் டிஎன்எஸ்", அதில் "பிஎக்ஸ்இ/டிஎஃப்டிபி" தாவல். டிஎஃப்டிபி சேர்வரை இயங்கவிட்டு, வேர்க் கோப்புறையாக (ரூட், கோப்புகளைத் தேடத் தொடங்கும் இடம்) /எம்என்டி/யூஎஸ்பி/டிஎஃப்டிபி கொடுத்து, பூட் கோப்பின் பெயரை எழுதிச் சேமியுங்கள். பெயர் வேர்க் கோப்புறையிலிருந்து தொடங்கவேண்டும், முழுப்பாதை வேண்டாம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வேறு வேறு.

கணினிப் பக்கம்: செக்கன்ட்ஹேன்டாக வரும் டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகளில் எஃப்2 அழுத்தி, "இன்டகிரேட்டட் என்ஐசி" என்ற இடத்தில் "எனேபிள்ட் வித் பிஎக்ஸ்இ" தெரிவு செய்யுங்கள். பிறகு எழும்பும்போது எஃப்12. லெனோவோவிலும் எஃப்12 தான். எச்பியில் எஃப்9 பூட் பட்டியலைத் தரும், எஃப்12 நேரே நெட்வேர்க்குக்குப் போகும்.

ரவுட்டரில் எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை தட்டும் வழி) வழியாக நுழைந்து "லொக்ரீட் -எஃப்" தட்டிவிட்டு கணினியைப் போடுங்கள். முதலில் டிஹெச்சிபி டிஸ்கவர் வரி, பிறகு ஒஃபர், ரிக்வெஸ்ட், அக் வரிகள், கடைசியில் "சென்ட்" என்று கோப்பின் பெயரும் கணினியின் முகவரியும். இந்த ஓட்டத்தில் எந்த வரியோடு நிற்கிறதோ அங்கேதான் பிழை. டிஸ்கவர் வரியே வராவிட்டால் கேபிளைப் பாருங்கள். அக் வந்து "சென்ட்" வராவிட்டால் கோப்புப் பெயரையோ அனுமதியையோ பாருங்கள்.

பழைய கணினியில் வேலை செய்கிறது, புதியதில் இல்லை. ஏன்?

கணினியை எழுப்பும் உள்நிரல் பழையவற்றில் பயாஸ், புதியவற்றில் யூஈஎஃப்ஐ. இரண்டுக்கும் கோப்பு வேறு. பயாஸுக்கு அன்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ அல்லது பைஎக்ஸ்லினக்ஸ்.0, யூஈஎஃப்ஐக்கு ஐபிஎக்ஸ்இ.ஈஎஃப்ஐ. அன்டிஒன்லியும் ஐபிஎக்ஸ்இ.ஈஎஃப்ஐயும் ஐபிஎக்ஸ்இ என்ற, எச்டிடிபியிலும் கோப்பு வாங்கக்கூடிய பூட் நிரலின் கோப்புகள். ஒன்றின் கோப்பை மற்றதற்குக் கொடுத்தால் இறங்கும், ஆனால் ஓடாது. திரை கறுப்பாகி மீண்டும் பூட் பட்டியலுக்கு வந்து நிற்கும்.

கணினி தன் வகையை ஒப்ஷன் 93இல் தானே சொல்கிறது: பயாஸ் என்றால் 0, 64 பிட் யூஈஎஃப்ஐ என்றால் 7, சிலது 9. ரவுட்டரில் டிஹெச்சிபியையும் டிஎஃப்டிபியையும் நடத்தும் நிரல் டிஎன்எஸ்மாஸ்க். அதன் /ஈடிசி/டிஎன்எஸ்மாஸ்க்.கொன்ஃப் கோப்பில் இப்படி எழுதலாம்:

டிஹெச்சிபி-மேட்ச்=செட்:ஈஎஃப்ஐ64,ஒப்ஷன்:கிளையன்ட்-ஆர்க்,7
டிஹெச்சிபி-மேட்ச்=செட்:ஈஎஃப்ஐ64,ஒப்ஷன்:கிளையன்ட்-ஆர்க்,9
டிஹெச்சிபி-மேட்ச்=செட்:பயாஸ்,ஒப்ஷன்:கிளையன்ட்-ஆர்க்,0
டிஹெச்சிபி-பூட்=டேக்:ஈஎஃப்ஐ64,ஐபிஎக்ஸ்இ.ஈஎஃப்ஐ
டிஹெச்சிபி-பூட்=டேக்:பயாஸ்,அன்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ

இதை எழுதினால் முன்பு தாவலில் கொடுத்த பூட் கோப்புப் பெயரை அழித்துவிடுங்கள். பிறகு டிஎன்எஸ்மாஸ்க்கை மறுபடி தொடக்குங்கள்.

யூஈஎஃப்ஐ கணினியில் "செக்யூர் பூட்" இயங்கினால், கையொப்பமில்லாத ஐபிஎக்ஸ்இ கோப்பை அது ஏற்காது. அணைக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்ட வின்டோஸ் இருந்தால், அடுத்த முறை மீட்பு எண் கேட்கும். எண் கையில் இல்லாமல் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள். பிள்ளைகளின் படிப்புக் கோப்புகள் உள்ள கணினி என்றால் இதை இரண்டு முறை யோசியுங்கள்.

ஐபிஎக்ஸ்இ வருகிறது, மறுபடி அதே ஐபிஎக்ஸ்இ, மறுபடி அதே. முடிவே இல்லை.

ஐபிஎக்ஸ்இ எழுந்ததும் அதுவும் புதிதாக டிஹெச்சிபி கேட்கும். ரவுட்டர் முன்பு சொன்ன அதே கோப்பையே சொல்கிறது, அதுதான் சுற்று. ஐபிஎக்ஸ்இ கேட்கும்போது ஒப்ஷன் 175 கூடவே வரும். அதை அடையாளமாக வைத்துப் பிரியுங்கள்: "டிஹெச்சிபி-மேட்ச்=செட்:ஐபிஎக்ஸ்இ,175" என்றொரு வரி எழுதி, அந்த டேக் உள்ளவருக்கு மெனுக் கோப்பின் எச்டிடிபி முகவரியைக் கொடுங்கள். மற்ற டிஹெச்சிபி-பூட் வரிகளில் "டேக்:!ஐபிஎக்ஸ்இ" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

டிஎஃப்டிபி ஏன் இவ்வளவு மெதுவு?

அது ஒரு துண்டு அனுப்பும், "கிடைத்தது" என்று பதில் வரும்வரை காத்திருக்கும், அடுத்ததை அனுப்பும். 1992இல் வெளியான ஆர்எஃப்சி 1350இன்படி துண்டு 512 பைட். போய்வர 1 மில்லிசெக்கன் என்றால் செக்கனுக்கு அரை எம்பிதான். துண்டை 1468 பைட்டாகப் பெருப்பித்தாலும் 1.4 எம்பி. 100 எம்பிபிஎஸ் கேபிளில் எச்டிடிபி செக்கனுக்கு 11 எம்பி தரும். 300 எம்பி கோப்பு ஒன்றில் மூன்றரை நிமிடத்துக்கும் அரை நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. போதாததற்குத் துண்டுக்கு இடும் எண் 16 பிட். 512 பைட்டில் 32 எம்பி தாண்டினால் எண் தீர்ந்துபோகும், சில கிளையன்ட்டுகள் அங்கேயே விழுந்துவிடும்.

ஆகவே டிஎஃப்டிபியில் ஐபிஎக்ஸ்இயின் சிறு கோப்பு மட்டும். கேர்னல், இனிட்ஆர்டி, ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற லினக்ஸின் பெரிய கோப்புகள் எல்லாம் எச்டிடிபியில். ரவுட்டரில் ஏற்கெனவே யூஎச்டிடிபிடி என்ற எச்டிடிபி சேர்வர் இருக்கிறது. நிர்வாகப் பக்கத்தோடு கலக்காமல் 8080 போர்ட்டில் தனியாக ஒன்றை ஓடவிட்டு பென் டிரைவைக் காட்டுங்கள். நிர்வாகப் பக்கம் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடும்படி இருந்தால் ஐபிஎக்ஸ்இ அங்கே தடுமாறும், தனிப் போர்ட்டில் அந்தத் தொல்லை இல்லை.

12 கணினிக்கு லினக்ஸ் ஏற்றினால் மாதத்து டேட்டா முழுக்கப் போய்விடாதா?

போகும். நெட்பூட் நிறுவி தன்னளவில் சிறியது, ஆனால் பொதிகளை இணையத்திலிருந்தே இழுக்கும். ஒரு கணினிக்கு 1 ஜிபி என்று வைத்தாலே 12 ஜிபி.

ஒருமுறை இறக்கிய பொதியைச் சேமித்து வைத்து மற்றக் கணினிகளுக்குத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி இதற்கு நல்ல மருந்து. அறையில் உள்ள ஒரு லினக்ஸ் கணினியில் அதை நிறுவுங்கள், முகவரி 192.168.10.5 என்று நிலையாகக் கொடுங்கள். டெபியன் நிறுவி "ப்ரொக்ஸி உண்டா" என்று கேட்கும் திரையில் எச்டிடிபி முன்னொட்டோடு 192.168.10.5:3142 எழுதுங்கள். முதல் கணினி இணையத்திலிருந்து இழுக்கும், மற்ற 11உம் உள்ளூரிலேயே எடுத்துக்கொள்ளும். முதலாவதை முழுதாக முடித்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடங்கவேண்டும். பன்னிரண்டையும் ஒன்றாகத் தட்டிவிட்டால் கேச்சில் எதுவும் சேர்ந்திருக்காது. மிரர் (பொதிகளை இறக்கும் தளம்) எச்டிடிபி முகவரியாக இருக்கட்டும், எச்டிடிபிஎஸ் மிரரை அது சேமிக்காது.

எல்லாக் கணினியும் ஒரே மாதிரி என்றால் இன்னும் சுகம். ஒன்றை ஒழுங்காக அமைத்து, தமிழ் விசைப்பலகையும் எழுத்துருவும் போட்டு, குளோன்சில்லா என்ற நிரலால் டிஸ்க்கை முழுதாக நகலெடுத்து மற்றவற்றுக்கு இறக்குங்கள். குளோன்சில்லாவும் பிஎக்ஸ்இயில் எழும்பும். ஐஎஸ்ஓ முழுவதையும் ராமுக்குள் இறக்கி ஓடும் லைவ் முறையை மட்டும் பழைய பெட்டிகளில் முயலவேண்டாம். 3 ஜிபி ஐஎஸ்ஓவுக்கு 4 ஜிபி ராம் காணாது.

ரவுட்டரை மாற்ற அனுமதி இல்லை. அப்போது?

டிஎன்எஸ்மாஸ்க்கின் ப்ரொக்ஸி முறை. ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றோ பழைய லினக்ஸ் பெட்டியோ போதும். முகவரி கொடுக்கும் வேலை பழைய ரவுட்டரிடமே இருக்கும், இது பூட் தகவலை மட்டும் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும். வரிகள்: போர்ட்=0, டிஹெச்சிபி-ரேன்ஜ்=192.168.1.0,ப்ரொக்ஸி, எனேபிள்-டிஎஃப்டிபி, டிஎஃப்டிபி-ரூட்=/எஸ்ஆர்வி/டிஎஃப்டிபி, பிறகு ஒவ்வொரு கணினி வகைக்கும் ஒரு பிஎக்ஸ்இ-சேர்விஸ் வரி. ஃபயர்வோலில் யூடிபி 67, 69, 4011 மூன்றும் திறந்திருக்கவேண்டும். 4011ஐ மறப்பவர்கள்தான் அதிகம். டிஎஃப்டிபி-ரூட் கோப்புறை இல்லாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் எழும்பவே எழும்பாது.

ஒரே லைனில் இரண்டு முழு டிஹெச்சிபி சேர்வர் மட்டும் வேண்டாம். எது முந்துகிறதோ அதன் பதிலைக் கணினி எடுக்கும். இன்று வேலை செய்யும், நாளை செய்யாது.

திரையில் வரும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

பிஎக்ஸ்இ-ஈ61 என்றால் கேபிள். பிஎக்ஸ்இ-ஈ51 என்றால் முகவரி தர யாருமில்லை. செக்கன்ட்ஹேன்ட் மனேஜ்ட் சுவிட்ச் இடையில் இருந்தால், கேபிள்கள் வட்டமாகிவிடாமல் பார்க்கும் அதன் ஸ்பானிங் ட்ரீ வசதி ஒரு போர்ட்டைத் திறக்க 30 செக்கன் எடுக்கும். அதற்குள் பிஎக்ஸ்இ கைவிட்டுவிடும். அந்தப் போர்ட்டில் காத்திருக்காமல் திறக்கவைக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். பிஎக்ஸ்இ-ஈ53 என்றால் முகவரி வந்தது, கோப்புப் பெயர் வரவில்லை. பெரும்பாலும் வேறொரு ரவுட்டர் முந்திப் பதில் சொல்லியிருக்கும். பிஎக்ஸ்இ-ஈ32 என்றால் டிஎஃப்டிபி சேர்வர் பேசவில்லை. கோரிக்கை 69க்குப் போனாலும் பதில் வேறொரு போர்ட்டிலிருந்தே வரும், 69ஐ மட்டும் அறிந்த ஃபயர்வோல் அதை நிறுத்திவிடும். பிஎக்ஸ்இ-டி01 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்ட பிறகு மட்டும் டி01 வந்தால், பென் டிரைவ் ஏறுமுன் டிஎன்எஸ்மாஸ்க் எழும்பி வெறுங் கோப்புறையைப் பார்த்திருக்கிறது. அதை மறுபடி தொடக்கினால் சரியாகும்.

வைஃபையில் பூட் செய்யலாமா?

வேண்டாம். பிஎக்ஸ்இ கேபிளுக்கானது.

வின்டோஸ் ஏற்ற முடியுமா?

முடியும், வேலை கூட. ஐபிஎக்ஸ்இயோடு விம்பூட் என்ற நிரலைச் சேர்த்து, நிறுவுவதற்கான சிறு வின்டோஸான வின்டோஸ் பிஈயை எச்டிடிபியில் எழுப்பி, "நெட் யூஸ்" கட்டளையால் எஸ்எம்பி (வின்டோஸின் கோப்புப் பகிர்வு முறை) பகிர்வை இசட் டிரைவாக இணைத்து, அங்கிருந்து செட்அப் ஓடவிடவேண்டும். புதிய பதிப்புகள் பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் அனுமதியை மறுக்கும். பகிர்வுக்குப் பெயரும் பாஸ்வேர்டும் உள்ள பயனரை உண்டாக்குங்கள்.

வீட்டுக்குள் கோப்புகளைப் பகிர எது நல்லது?

வின்டோஸும் ஃபோனும் உள்ள வீட்டுக்கு எஸ்எம்பி. ரவுட்டரில் எஸ்எம்பி சேர்வராகச் சம்பா4ஐ விட கேஎஸ்எம்பிடி இலகுவானது, 128 எம்பி ராமில் மூச்சுத் திணறாது. பழைய ரவுட்டர்களில் எஸ்எம்பி1 மட்டும் இருக்கும். வின்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே நிறுவப்படுவதில்லை, அதனால்தான் "சேர்வரைக் காணவில்லை" என்கிறது. வின்டோஸில் எஸ்எம்பி1ஐத் திரும்ப இயக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், ரவுட்டரை மாற்றுங்கள்.

எஃப்டிபியில் பாஸ்வேர்ட் வெளிப்படையாகப் போகும். எஸ்எஃப்டிபி பாதுகாப்பானது, ஆனால் ஓபன்டபிள்யூஆர்டியின் எஸ்எஸ்எச் சேர்வரான டிரொப்பேரில் அது கிடையாது. ஓபன்எஸ்எஸ்எச்-எஸ்எஃப்டிபி-சேர்வர் பொதியைத் தனியாக நிறுவவேண்டும். 2022இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல் கோப்பு அனுப்பும் எஸ்சிபி கட்டளையும் உள்ளே எஸ்எஃப்டிபியையே தேடும். ரவுட்டருக்குக் கோப்பு அனுப்பும்போது பிழை வந்தால் பெரிய ஓ எழுத்தோடு "-ஓ" சேர்த்துப் பாருங்கள்.

69, 21, 445 போர்ட்டுகளை வெளி இணையத்துக்குத் திறக்கவே வேண்டாம். கட்டாரிலிருந்து மகன் வீட்டுப் படங்களைப் பார்க்கவேண்டும் என்றால் வயர்காட் என்ற விபிஎன் (பூட்டிய தனி வழி) போடுங்கள்.

நம் பக்கத்துக் காலநிலைக்கு ஏதாவது கவனிக்கவேண்டுமா?

நிறைய. கடற்கரையோரத்தில், கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் உப்புக்காற்று கேபிள் முனையைத் தின்னும். ஈ61 வரும் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். எட்டுத் தகடும் பொன் நிறத்தில் மின்னவேண்டும். ஒன்றிரண்டில் பச்சை பூத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, முனையை வெட்டிப் புதிதாக அடியுங்கள். பத்து முனை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்கு அண்டையில் ரவுட்டரை மாட்டாதீர்கள். சூட்டில் முதலில் தளர்வது யூஎஸ்பி, பாதிக் கோப்பில் டிஎஃப்டிபி நிற்கும். மாரிக்கு முந்திய இடி மின்னலில் கரண்ட் பிளக்கோடு வான் கேபிளையும் கழற்றுங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுத்த செம்புக் கேபிள் இருந்தால் அதையும். கரண்ட் கட்டுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் போதும், ஆனால் உங்கள் அடப்டரில் உள்ள வோல்ட்டும் அம்பியரும் அதோடு பொருந்தவேண்டும்.

ஃபேர்ம்வெயார் ஏற்றும்போது கரண்ட் போய் ரவுட்டர் எழும்பவில்லை. முடிந்ததா?

பல மொடல்களில் கதை முடியவில்லை, மீட்கலாம். இப்போது ரவுட்டரே டிஎஃப்டிபி கிளையன்ட் ஆகும், உங்கள் கணினி சேர்வர். உதாரணமாக டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 வி2, கணினி 192.168.0.66 என்ற முகவரியில் இருக்கும் என்று எதிர்பார்த்து, ஆர்ச்சர்சி7வி2_டிபி_ரிக்கவரி.பின் என்ற கோப்பைக் கேட்கும். இந்தப் பெயரில் பெரிய எழுத்துகள் உண்டு, உங்கள் மொடலின் ஓபன்டபிள்யூஆர்டி பக்கத்தில் உள்ளபடி அப்படியே எழுதுங்கள். அந்த முகவரியைக் கணினிக்கு நிலையாகக் கொடுத்து, வின்டோஸ் ஃபயர்வோலை அந்த நேரத்துக்கு மட்டும் அணைத்து, டிஎஃப்டிபி சேர்வரை ஓடவிட்டு, ரீசெட் பொத்தானை அழுத்தியபடி ரவுட்டரைப் போடுங்கள்.

கணினியையும் ரவுட்டரையும் நேரே கட்டினால், ரவுட்டர் அணைந்து எரியும்போது வின்டோஸ் "கேபிள் இல்லை" என்று முகவரியைக் கைவிட்டு, திரும்பப் பிடிக்கச் சில செக்கன் எடுக்கும். ரவுட்டர் கோப்பைக் கேட்பதும் அதே சில செக்கனில்தான். நடுவில் சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றை வையுங்கள், கணினிப் பக்கத்து லைட் அணையாது. கோப்புப் போய்ச் சேர்ந்த பிறகும் ஐந்து நிமிடம் கரண்டைத் தொடாதீர்கள்.